புதிய வேலையில் சேரும்போது வீட்டு வாடகைக்கு உதவி கேட்கலாமா?

தம்பி, உங்கள் நிலைமையை நான் விளங்கிக்கொண்டது இப்படி. லண்டனில் இல்ஃபோர்டில் இரண்டு அறை வீடொன்றில் மனைவியோடும் நாலு வயதுப் பிள்ளையோடும் வாடகைக்கு இருக்கிறீர்கள். வாடகை மாதம் 1,500 பவுண்ட். கடையில் பார்த்த வேலை போய் ஒன்றரை மாதமாகிறது, சேமிப்பிலிருந்துதான் வாடகை போகிறது. வருகிற திங்கட்கிழமை ஒரு சுப்பர் மார்க்கெட்டில் வேலை தொடங்குகிறது. கிழமைக்கு 30 மணித்தியாலம், நாலு கிழமைக்கு ஒருதரம் சம்பளம். வாடகைக்கு உதவும் ஹவுசிங் பெனிஃபிட் கேட்டுக் கவுன்சிலுக்குப் போனால் 'நாங்கள் தருவதில்லை' என்று சொல்லிவிட்டார்கள். வேலை கிடைத்தபிறகு எந்த உதவியும் வராது என்று கூட்டாளிகளும் சொல்கிறார்கள்.

கூட்டாளிகள் சொல்வது பிழை. வேலைக்குப் போகிறவருக்கும் வாடகை உதவி உண்டு. சம்பளம் ஏற ஏற உதவி குறையும், அவ்வளவுதான். கவுன்சில் சொன்னது உண்மை, ஆனால் முழுக்கச் சொல்லவில்லை. வேலை செய்யும் வயதில் உள்ளவர்களுக்குப் பழைய ஹவுசிங் பெனிஃபிட் புதிதாகக் கிடையாது. அரச ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்கும், தற்காலிக விடுதி அல்லது பராமரிப்போடு கூடிய வீடுகளில் இருப்பவர்களுக்கும்தான் அது இன்னும் கவுன்சில் வழியாகப் போகிறது. மற்றவர்களுக்கு, வருமானம் குறைந்தவர்களுக்கு மாதாமாதம் தரும் யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகைக்குள்ளேயே வாடகைப் பணமும் ஒரு பங்காக வரும். அதை நடத்துவது மத்திய அரசு. விண்ணப்பம் இணையத்தில்.

எனவே திங்கட்கிழமை வரை பொறுக்காமல் இன்றைக்கே விண்ணப்பியுங்கள். சம்பளம் வந்தபிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கணக்கு தொடங்கும். பின்திகதியிட்டுக் கேட்க ஒரு வழி இருக்கிறது, அதுவும் அதிகபட்சம் ஒரு மாதத்துக்கு, கடும் சுகவீனம் போன்ற சில குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டும். 'இப்படி ஒன்று இருப்பதே தெரியாது' என்பதைக் காரணமாக எடுக்கமாட்டார்கள். போன ஒன்றரை மாதத்து வாடகை உங்கள் கையைவிட்டுப் போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்ல மனம் கஷ்டப்படுகிறது. இனி ஒரு நாளும் போகவேண்டாம்.

ஆனால் விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன் விசாவைப் பாருங்கள். இதில் தவறினால் பணத்தைவிடப் பெரிய இழப்பு வரும். உங்கள் விசாவில் 'பொது நிதியுதவி பெற முடியாது' என்ற நிபந்தனை இருந்தால் யூனிவர்சல் கிரெடிட்டும் கேட்கக்கூடாது, கவுன்சில் டாக்ஸ் கழிவும் கேட்கக்கூடாது. திறன்சார் வேலை விசா, மாணவர் விசா, துணைவர் விசா ஆகியவற்றில் பொதுவாக அந்த நிபந்தனை இருக்கும். அகதி அந்தஸ்து, நிரந்தர வதிவிடம், பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர்கள் கேட்கலாம். பிரான்ஸ், ஜெர்மனி, ஹாலந்து என்று ஐரோப்பியக் குடியுரிமை எடுத்துவிட்டு இங்கே குடிவந்த நம்மவர்கள் நிறையப் பேர். பிரெக்சிட்டுக்குப் பிறகு ஐரோப்பியருக்குக் கொடுத்த வதிவிட அனுமதியில் அவர்களிடம் 'செட்டில்ட்' (நிரந்தர) நிலை இருந்தால் சிக்கல் இல்லை. 'ப்ரீ-செட்டில்ட்' (தற்காலிக) நிலையில் இருந்தால் வேலை செய்வது போன்ற வேறொரு வதிவிட உரிமையையும் காட்டவேண்டும். அப்படிப்பட்டவர்களுக்குப் புதிய வேலையின் ஒப்பந்தக் கடிதமும் பேஸ்லிப்பும்தான் முக்கிய ஆதாரம், பத்திரமாக வையுங்கள். கணவன் மனைவியில் ஒருவருக்கு உரிமை இருந்து மற்றவருக்கு இல்லை என்றால், குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டே கை வையுங்கள்.

சேமிப்பையும் பார்ப்பார்கள். இருவரிடமும் சேர்த்து 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் ஒன்றுமே வராது. 6,000 வரை இருந்தால் எந்தப் பாதிப்பும் இல்லை. இடையில் இருந்தால், 6,000க்கு மேலுள்ள ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 பவுண்ட் கழிப்பார்கள். 8,000 வைத்திருப்பவருக்கு மாதம் 34.80 குறையும். ஊரில் வங்கியில் போட்டிருக்கும் காசு, உங்கள் பெயரிலுள்ள காணி எல்லாம் இதில் சேரும், கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். மனைவி கழுத்திலும் கையிலும் போட்டிருக்கும் நகை தனிப்பட்ட உடைமை, அதைக் கணக்கில் எடுப்பதில்லை. இதை எத்தனையோ பேர் பயந்து பயந்து கேட்டிருக்கிறார்கள்.

சரி, எவ்வளவு வரும்? 2025-26 நிதியாண்டின் தொகைகளை வைத்துச் சொல்கிறேன். ஒவ்வோர் ஏப்ரலிலும் இவை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. 25 வயதுக்கு மேற்பட்ட தம்பதிக்கு அடிப்படைத் தொகை மாதம் 628.10. உங்கள் பிள்ளைக்கு 292.81. அப்புறம் வாடகைப் பங்கு.

தனியார் வீட்டுக்காரரிடம் வாடகைக்கு இருப்பவர்களுக்கு முழு வாடகையும் கொடுப்பதில்லை. 'லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ்' என்று ஒவ்வொரு பகுதிக்கும், அறைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஓர் உச்ச வரம்பு உண்டு. அந்தப் பகுதி வாடகைகளைக் குறைந்ததிலிருந்து கூடியதுவரை வரிசைப்படுத்தினால் நூற்றில் முப்பதாவது இடத்தில் வரும் வாடகைதான் அந்த வரம்பு என்பது விதி. ஆனால் 2024 ஏப்ரலில் புதுப்பித்தபிறகு 2025-26இல் அதை ஏற்றவேயில்லை. வாடகையோ நிற்காமல் ஏறியது. அதனால்தான் பெரும்பாலானவர்களுக்கு வாடகைக்கும் வரம்புக்கும் இடையில் ஒரு பள்ளம் விழுகிறது. அரச இணையத்தளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் உங்கள் பகுதி வரம்பு தெரியும். உங்கள் குடும்பத்துக்குத் தம்பதிக்கு ஓர் அறை, பிள்ளைக்கு ஓர் அறை என இரண்டு அறை வரம்பு பொருந்தும். 35 வயதுக்குக் கீழ் தனியாக இருப்பவருக்குப் பொதுவாகப் பகிர்ந்த வீட்டில் ஓர் அறைக்கான வரம்புதான். தனியாக ஒரு ஸ்டுடியோ எடுத்துவிட்டுப் பிறகு திகைக்கும் இளைஞர்கள் பலர், வீடு எடுப்பதற்கு முன்பே இதைத் தெரிந்திருக்கவேண்டும். கவுன்சில் வீட்டிலோ ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலோ இருப்பவர்களுக்கு இந்த வரம்பு இல்லை. அவர்களுக்கு ஓர் அறை மிச்சம் என்றால் வாடகைப் பங்கில் 14 விழுக்காடும், இரண்டோ அதற்கு மேலோ மிச்சம் என்றால் 25 விழுக்காடும் வெட்டுவார்கள்.

கணக்குக்காக உங்கள் வரம்பு 1,300 பவுண்ட் என்று வைப்போம். மூன்றையும் கூட்டினால் 2,220.91. இதிலிருந்து சம்பளத்துக்காகக் கழிப்பார்கள். பிள்ளை உள்ள குடும்பம், வாடகைப் பங்கும் வாங்குகிறது என்றால் சம்பளத்தில் முதல் 411 பவுண்டைத் தொடமாட்டார்கள். அதற்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் கழியும். வரி, தேசியக் காப்புறுதி, பென்ஷன் எல்லாம் போய்க் கைக்கு வரும் சம்பளத்தைத்தான் பார்ப்பார்கள். உங்கள் கைக்கு 1,300 வருகிறது என்றால் 411ஐ விட்டுவிட்டு மிச்சம் 889, அதில் 55 விழுக்காடு 488.95. ஆகவே யூனிவர்சல் கிரெடிட் 1,731.96. சம்பளத்தோடு சேர்த்து அந்த மாதம் 3,031.96 பவுண்ட். பிள்ளைக்கான சைல்ட் பெனிஃபிட் தனியாக வரும், அதை வருமானமாகக் கழிப்பதில்லை.

வேலையே இல்லாமல் இருந்தால் 2,220.91 முழுசாக வந்திருக்குமே என்று நினைக்கத் தோன்றும். வராது. பெனிஃபிட் வாங்கும் குடும்பங்களுக்கு மொத்த வரம்பு ஒன்று இருக்கிறது: லண்டனில் மாதம் 2,110.25. சைல்ட் பெனிஃபிட்டையும் அதற்குள் சேர்த்துவிடுவார்கள். ஆக, வேலையற்ற குடும்பத்துக்கு யூனிவர்சல் கிரெடிட் 2,000 பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிடும். தம்பதியின் சம்பளம் மாதம் 846 பவுண்டை (2025-26 அளவு) தொட்டுவிட்டால் அந்த வரம்பு விலகிவிடும். லண்டன் வாடகைக்கு இது சின்ன விஷயமில்லை. முந்தைய வேலையில் பன்னிரண்டு மாதமும் அந்த அளவுக்கு மேல் சம்பாதித்திருந்தால், வேலை போன நாளிலிருந்து ஒன்பது மாதத்துக்கு வரம்பு போடமாட்டார்கள். முதல் மாதத்தில் உங்களுக்கு இது உதவும். கடையில் எப்போதிலிருந்து எப்போதுவரை வேலை செய்தீர்கள் என்பதை விண்ணப்பத்தில் சரியாக எழுதுங்கள். முதல் கணக்கில் வரம்பு போட்டு வெட்டியிருந்தால் உடனே ஜேர்னலில், அதாவது உங்கள் இணையக் கணக்கில் செய்தி எழுதும் பகுதியில், கேளுங்கள்.

இனி திகதி. விண்ணப்பித்த நாள்தான் உங்கள் 'கணக்கு மாதத்தின்' முதல் நாள். 9ஆம் திகதி விண்ணப்பித்தால் ஒவ்வொரு மாதமும் 9இலிருந்து அடுத்த மாதம் 8வரை பார்ப்பார்கள், 15ஆம் திகதி பணம் வரும். முதல் பணத்துக்கு ஐந்து கிழமை காத்திருக்கவேண்டும் என்று சொல்வது இதனால்தான். அந்த மாதத்துக்குள் எந்தத் திகதியில் சம்பளம் கைக்கு வந்ததோ அந்தச் சம்பளத்தைக் கழிப்பார்கள், எந்த நாட்களுக்கான சம்பளம் என்று பார்ப்பதில்லை. பழைய கடையிலிருந்து விடுமுறைச் சம்பளம் ஏதாவது வரவேண்டியிருந்தால், இரண்டொரு நாளில் வருமா என்று கேளுங்கள். வருமென்றால் அது வந்த மறுநாள் விண்ணப்பிப்பது நல்லது. எப்போது வருமென்று அவர்களுக்கே தெரியாவிட்டால் காத்திருக்கவேண்டாம்.

நாலு கிழமைச் சம்பளத்தில் ஒரு பொறி இருக்கிறது. வருடத்தில் பதின்மூன்று சம்பளம், கணக்கு மாதமோ பன்னிரண்டு. ஏதோ ஒரு மாதத்துக்குள் இரண்டு சம்பளம் விழும். உங்கள் கணக்கில் அந்த மாதம் 2,600 வந்ததாகப் போகும், யூனிவர்சல் கிரெடிட் 1,731.96இலிருந்து 1,016.96க்கு இறங்கிவிடும். மாதச் சம்பளக்காரருக்கு இப்படி ஒரே கணக்கில் இரண்டு சம்பளம் விழுந்தால் ஒன்றை அடுத்த மாதத்துக்கு மாற்ற 2020இல் விதி கொண்டுவந்தார்கள். நாலு கிழமைச் சம்பளத்துக்கு அந்த வழி இல்லை. வேலையில் சேர்ந்ததும் சம்பளத் திகதி அட்டவணையைக் கேட்டு வாங்கி, உங்கள் கணக்கு மாதத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த மாதம் இரட்டிக்கும் என்று முன்பே தெரிந்துவிடும். அந்த மாதம் வரும் இரண்டாவது சம்பளத்திலிருந்து 715 பவுண்டை அப்படியே எடுத்து வையுங்கள், பணம் வரும் நாள் அதே ஓட்டைதான் விழப்போகிறது.

வேலையில் சேரும் முதல் நாளே பழைய முதலாளி தந்த பி45ஐ, அதாவது வேலையை விடும்போது தரும் வரிப் பத்திரத்தை, கொடுங்கள். அவர் தரவில்லை என்றால் புதிய இடத்தில் தரும் ஸ்டார்ட்டர் படிவத்தைக் கவனமாக நிரப்புங்கள். இல்லாவிட்டால் அவசர வரிக் குறியீட்டில் கூடுதலாக வரி பிடிப்பார்கள். பிறகு அது சம்பளத்தோடு திரும்பி வரும்போது வருமானமாக எடுத்து அந்த மாத உதவியைக் குறைப்பார்கள். பென்ஷன் திட்டத்தில் சேர்ப்பதாகக் கடிதம் வந்தால் 'கை இறுக்கமாக இருக்கிறது' என்று உடனே விலகிவிடாதீர்கள். நீங்கள் அதில் போடும் காசைக் கழித்தபிறகுதான் சம்பளத்தைக் கணக்கெடுப்பார்கள். நூறு பவுண்ட் பென்ஷனுக்குப் போனால் 55 பவுண்ட் யூனிவர்சல் கிரெடிட்டில் கூடிவரும். முதலாளியின் பங்கு வேறு சேரும். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு இதைவிட நல்ல சேமிப்பு எனக்குத் தெரியவில்லை.

விண்ணப்பத்தில் வீடு பற்றிய பகுதியில்தான் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். வாடகை எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருதரம், ஒப்பந்தத்தில் யார் யார் பெயர், வீட்டுக்காரர் யார், முகவரி என்ன என்று கேட்கும். ஒப்பந்தத்தில் மச்சானின் பெயரும் இருந்தால் வாடகையைத் தலைக்குத் தலை பிரித்து உங்கள் பங்கை மட்டும்தான் பார்ப்பார்கள். பெயர் இல்லாமல் அவர் உங்களோடு தங்கியிருக்கிறார், வயது 21க்கு மேல் என்றால், அவர் ஒரு சதம் தராவிட்டாலும் உங்கள் வாடகைப் பங்கில் மாதம் 93.02 பவுண்ட் (2025-26 அளவு) கழிப்பார்கள். 'கொஞ்ச நாளைக்குத்தானே' என்று அவரைச் சொல்லாமல் விடவேண்டாம். கவுன்சில் டாக்ஸ் பதிவிலும் வாக்காளர் பட்டியலிலும் பெயர் தெரிந்துவிடும், பிறகு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டி வரும்.

சொந்தக்காரரின் வீட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பெற்றோர், பிள்ளை, சகோதரர், மாமனார் மாமியார் போன்ற நெருங்கிய உறவினர் வீட்டுக்காரராக இருந்து, அவரும் அதே வீட்டில் வசித்தால் வாடகைப் பங்கு கிடையாது. அவர் வேறு வீட்டில் இருந்தால் கேட்கலாம், ஆனால் வெளியாரிடம் வாங்குவதைப்போலவே ஒழுங்காக வாடகை வாங்குகிறார் என்று காட்டவேண்டும். வாடகையை வங்கி வழியாகக் கொடுங்கள். கையில் காசாகக் கொடுப்பதால் வீட்டுக்காரருக்கு வசதி, உங்களுக்கு ஆதாரமே இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் தரமாட்டேன் என்கிற வீட்டுக்காரரும் இருக்கிறார். வாய்வழி ஒப்பந்தமும் சட்டப்படி ஒப்பந்தம்தான். முகவரி, தொகை, தொடங்கிய திகதி எழுதிய ஒரு கடிதத்தையாவது கேளுங்கள். அதுவும் மறுத்தால் வங்கிக் கூற்றில் வாடகை போன வரிகளையும் அவர் அனுப்பிய குறுஞ்செய்திகளையும் ஜேர்னலில் கொடுங்கள். பெனிஃபிட் வாங்குகிறோம் என்று தெரிந்தால் வீட்டைவிட்டு எழுப்பிவிடுவாரோ என்ற பயம் பலருக்கு உண்டு. பெனிஃபிட் வாங்குகிறவர்களுக்கு வீடு இல்லை என்று ஒட்டுமொத்தமாக மறுப்பது சட்டவிரோதப் பாகுபாடு என்று 2020இலேயே யோர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரணம் சொல்லாமல் எழுப்பும் அறிவித்தலையும் வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2025 இங்கிலாந்தில் நீக்குகிறது, 2026 மே 1 முதல்.

முதல் பணம் வரும் ஐந்து கிழமைக்குக் கையில் ஒன்றும் இல்லை என்றால் யூனிவர்சல் கிரெடிட்டிலேயே முன்பணம் கேட்கலாம். வட்டி இல்லை, 24 மாதத்துக்குள் மாதாமாதம் கழித்துக்கொள்வார்கள். கடன்தான், தேவையான அளவு மட்டும் கேளுங்கள். நாலு கிழமைச் சம்பளம் வர இன்னும் ஒரு மாதம் இருக்கிற உங்களுக்கு ஒரு மாத வாடகை அளவுக்காவது அது தேவைப்படும் என்று நினைக்கிறேன். வாடகை பிந்தப்போகிறது என்று தெரிந்தவுடனே வீட்டுக்காரரிடம் நீங்களே கதைத்து, பணம் வரும் திகதியைச் சொல்லிவிடுங்கள். பணம் உங்கள் வங்கிக்கு மொத்தமாக வரும், வாடகையை நீங்கள்தான் கொடுக்கவேண்டும். ஏற்கெனவே வாடகை நிலுவை இருந்தால் வாடகைப் பங்கை நேரே வீட்டுக்காரருக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

தம்பதிகள் இருவரும் தனித்தனியே இணையக் கணக்கு திறந்து ஒரே விண்ணப்பமாக இணைக்கவேண்டும். மனைவிக்கும் ஜாப்சென்டரில் (அரச வேலைவாய்ப்பு அலுவலகத்தில்) சந்திப்பு வைப்பார்கள், அவர் வேலை தேடுவது பற்றியும் கேட்பார்கள். இருவரும் வேலைக்குப் போய்ப் பிள்ளையைப் பதிவுசெய்த பராமரிப்பில் விட்டால் அந்தச் செலவில் 85 விழுக்காடுவரை திரும்பப் பெறலாம். ஆங்கிலம் அவருக்குச் சிரமம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று தொலைபேசியிலேயே கேளுங்கள், அதற்குக் காசு இல்லை. படிவம் நிரப்பவும் முதல் பணம் வரும்வரை கூட நிற்கவும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனைத் தொண்டு நிறுவனத்தில் 'ஹெல்ப் டு கிளெய்ம்' என்ற இலவச சேவை இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு பெனிஃபிட் விண்ணப்பம் போட்டுத் தருகிறேன் என்று வருகிறவரிடம் போகவேண்டாம். உங்கள் கடவுச்சொல்லையும் ஜேர்னலையும் அவர் கையில் கொடுப்பது ஆபத்து.

முதல் கணக்கு வந்ததும் இணையக் கணக்கில் அந்த மாதத் தொகைக் கூற்றைத் திறந்து மூன்று வரியைப் பாருங்கள்: வாடகைப் பங்கு வந்திருக்கிறதா, பிள்ளைக்கான தொகை இருக்கிறதா, சம்பளத்தில் தொடக்கூடாத முதல் பங்கை (2025-26இல் 411) விட்டிருக்கிறார்களா. வாடகைப் பங்கு விடுபடுவது அடிக்கடி நடக்கிறது, பெரும்பாலும் ஆதாரம் பார்க்கவில்லை என்பதே காரணம். முடிவு பிழை என்றால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கவேண்டும். அதிலும் சரிவராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

கவுன்சிலுக்கு நீங்கள் திரும்பவும் போகவேண்டிய இரண்டு காரணம் இருக்கிறது. கவுன்சில் டாக்ஸ் கழிவு யூனிவர்சல் கிரெடிட்டோடு தானாக வராது, அதைக் கவுன்சிலிடம் தனியாகக் கேட்கவேண்டும். ஒவ்வொரு கவுன்சிலுக்கும் அதன் சொந்த விதி. மற்றது, உங்கள் 1,500 வாடகைக்கும் 1,300 வரம்புக்கும் இடையில் விழும் 200 பவுண்ட். வாடகைப் பற்றாக்குறைக்குக் கொடுப்பதற்கென்று கவுன்சிலிடம் ஒரு நிதி உண்டு. உரிமையாகக் கிடைப்பதில்லை, அவர்கள் பார்த்துத் தீர்மானிப்பார்கள், பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான் தருவார்கள். யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைப் பங்கு கிடைத்திருந்தால்தான் கேட்கலாம் என்பதால் முதல் கூற்று கைக்கு வந்த அன்றே அதையும் வாடகை ஒப்பந்தத்தையும் வைத்து விண்ணப்பியுங்கள்.